முதலில் கை, அப்புறம் காது

எங்களுக்கு மூன்று குழந்தைகள். மூத்தவளுக்கு 8 வயது, அடுத்தவனுக்கு 5, கடைக்குட்டிக்கு இப்போதுதான் 2 முடிந்தது. நான் யூதக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. யூத மத குருக்களான ராபிகள் முன்னிலையில் முறைப்படி மாறி, அப்புறம் திருமணம் செய்துகொண்டவள். சின்ன வயதில் பார்த்துப் பழகாததால் எல்லாவற்றையும் புத்தகம் படித்துத்தான் கற்றேன். மகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நம்பினேன். அவளுக்கு 2 வயது இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்காரவைத்து, கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார், ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஒரு நாணயத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். தானத்துக்குக் காசு போடும் செதாகா டப்பாவை அலமாரியிலிருந்து இறக்கி அவள் முன்னால் பிடித்தார். நாணயம் உள்ளே விழுந்து 'டங்' என்றது. உடனே இன்னொன்று கேட்டாள். ஏழெட்டு நாணயம் விழுந்த பிறகு மாமியார் மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். குழந்தை அவர் பின்னாலேயே போனாள். "முதலில் கையில் ஏதாவது கொடு, காது தானாகத் திறக்கும்" என்றார் என்னிடம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. யாத்திராகமம் 24-ஆம் அதிகாரத்தில் சீனாய் மலையடியில் நிற்கும் மக்கள் 'நஅசே வெநிஷ்மா' என்கிறார்கள். செய்வோம், கேட்போம். செய்வதுதான் முன்னால் வருகிறது. சின்னக் குழந்தை இருக்கும் யூத வீட்டை நடத்த எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. என்னைப் போல வெளியிலிருந்து வந்து, தமிழில் யோசித்துக்கொண்டு யூத வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்காக, எங்களுக்குப் பலன் தந்ததை எழுதுகிறேன். எங்கள் வீடு பழைய மரபை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூத வழியில் நடப்பது. உங்கள் வழி வேறாக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். சட்டம் சம்பந்தப்பட்டதில் உங்கள் ராபி சொல்வதுதான் முடிவு.

வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள். அன்று சூரியன் மறையும்போதுதான் ஓய்வு நாளான சபாத் பிறக்கிறது. மற்றதெல்லாம் பின்னால் வரட்டும்.

காலையில் ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து அது உப்பி வந்ததும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு உருண்டை பிய்த்துக் கொடுத்துவிடுங்கள். 2 வயதுக் குழந்தை அதை நசுக்கும், தட்டும், விரலால் குத்தும். பரவாயில்லை, அதற்கும் முட்டை தடவி எள் தூவித் தட்டில் வையுங்கள். மூன்று புரியாகப் பின்னுவது 5 வயதில் வந்துவிடுகிறது, ஜடை பின்னுகிற மாதிரிதான். ராத்திரி மேசையில் அவரவர் செய்த ரொட்டி அவரவர் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். சாப்பாட்டில் வம்பு செய்யும் என் மகன் தான் பின்னிய ரொட்டியை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிடுவான்.

பெரிய ரொட்டிகள் இரண்டு வைக்கிறோம். வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் மன்னா இரண்டு பங்கு கிடைத்ததன் நினைவு அது. அவற்றை ஒரு துணியால் மூடிவைப்போம். விருந்தைத் தொடங்கும் கிடுஷ் சடங்கில் திராட்சை ரசத்துக்கு முதலில் பிராகா என்னும் ஆசீர்வாத ஜெபம் சொல்கிறோமே, ரொட்டிக்கு வருத்தமாக இருக்காதா, அதனால்தான் மூடுகிறோம் என்று குழந்தைகளுக்குச் சொல்வது வழக்கம். மூடும் வேலை மகனுடையது. மூடிவிட்டு மேலே லேசாகத் தட்டிக்கொடுப்பான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் கடினம். வீட்டில் கத்தல் வருவது அப்போதுதான். சுமார் 25 மணி நேரத்துக்கான சாப்பாடு தயாராகவேண்டும், விளக்குகளுக்கு டைமர் வைக்கவேண்டும், மூன்று பேரைக் குளிப்பாட்டவேண்டும். ஒருமுறை நான் கத்திய கத்தலில் சின்னவள் அழுதாள், நான் அழுதேன், அப்படியே கண்ணீரோடு விளக்கு ஏற்றினேன். அந்த வாரம் கணவர், பழங்கால ராபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முதில் ஓர் இடத்தை எடுத்துக் காட்டினார். சபாத்துக்கு முன் வீட்டில் சொல்லவேண்டிய மூன்று விஷயங்களை, தால்முதுக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் சட்ட நூல் சொல்கிறது. விளக்கை ஏற்றச் சொல்வது அதில் ஒன்று. அவற்றை மென்மையாகச் சொல்லவேண்டும், அப்போதுதான் வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள் என்று ராபா பர் பர் ஹனா என்னும் தால்முத் அறிஞர் சேர்க்கிறார். அதைத் தான் கேள்விப்படாமலே, சொந்தப் புத்தியில் அப்படித்தான் நடந்துவந்ததாக ரவ் ஆஷி என்னும் இன்னொரு அறிஞர் சொல்கிறார். 1500 வருஷத்துக்கு முன்பே வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படித்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு ஆறுதல்.

அதற்குப் பிறகு வேலைகளை மாற்றி அடுக்கினேன். சமையல் வியாழக்கிழமை ராத்திரியே பாதி முடியும். குளியல் வெள்ளி மதியம் தூங்கி எழுந்ததும். விளக்கு ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குழந்தைகளுக்கு வயிறு நிறையச் சூப்பும் ரொட்டியும் கொடுத்துவிடுகிறேன். கிடுஷ் வரை குழந்தைகள் பசியோடு காத்திருக்கத் தேவையில்லை. பசித்த குழந்தைக்கு எந்தப் பாட்டும் காதில் ஏறாது. கோடையில் சூரியன் மிகத் தாமதமாக மறையும் ஊர்களில் இருப்பவர்கள் சபாத்தைக் கொஞ்சம் முன்னதாகவே ஏற்றுக்கொள்ள வழி உண்டு; எந்த நேரத்திலிருந்து முடியும் என்று ராபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு நடக்கும் சபாத் விருந்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

மெழுகுவர்த்தி ஏற்றுவது பெரும்பாலான ஊர்களில் சூரிய அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு. எருசலேமில் 40 நிமிடம். இரண்டு சுடர் வழக்கம். சில வீடுகளில் குழந்தைக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போவார்கள். எங்கள் வீட்டில் ஐந்து. ஏற்றும் இடத்தை முன்கூட்டியே நன்றாக யோசியுங்கள், ஏனென்றால் ஏற்றிய பிறகு சபாத்தில் அதை நகர்த்த முடியாது. உலோகத் தட்டின் மேல், திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல், நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மேசைத் துணியின் நுனியைச் சின்னக் கை இழுக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். ஏற்றும் முன்பு செதாகா டப்பா வரட்டும். அப்புறம் காசைத் தொடமாட்டோம் என்பதால் நாணயத்துக்கு அதுதான் நேரம்.

கைகளால் கண்ணை மூடி பிராகா சொல்லிவிட்டு, கையை எடுத்ததும் முதலில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். 'சபாத் ஷாலோம்' அதற்கப்புறம்.

பிறகு பிள்ளைகளை ஆசீர்வதிப்பது. யூத வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு நிமிடம்தான். தலையில் கை வைத்து, பையனுக்கு எப்பிராயீம், மனாசேயைப் போல உன்னைக் கடவுள் ஆக்கட்டும் என்றும், பெண்ணுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல ஆக்கட்டும் என்றும் சொல்லி, எண்ணாகமம் 6-இல் வரும் ஆசாரிய ஆசீர்வாதத்தைச் சேர்ப்போம். ஆபிரகாம், ஈசாக்கு எல்லாம் இருக்க, ஏன் யோசேப்பின் இரண்டு மகன்கள்? அவர்கள் எகிப்தில், அந்நிய ஊரில் பிறந்து வளர்ந்தும் தங்கள் குடும்பத்தை விடாதவர்கள் என்று ஒரு விளக்கம். தம்பியை முன்னால் வைத்தபோதும் அண்ணன் சண்டை போடவில்லை என்று இன்னொன்று. ஆசீர்வாதம் முடிந்ததும் நாங்கள் ஒவ்வொரு குழந்தையின் காதிலும் அந்த வாரம் அது செய்த ஒரு நல்ல காரியத்தை ரகசியமாகச் சொல்வோம். 'தங்கைக்குச் செருப்பு மாட்டிவிட்டாய்' என்கிற மாதிரி. பொத்தாம்பொதுவாக 'நல்ல பையன்' என்று சொல்லாதீர்கள். வாரத்தில் ஒன்றைக் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் இப்போது வியாழக்கிழமையே, "என்னதை யோசித்துவிட்டாயா அம்மா?" என்று கேட்கிறாள்.

சனிக்கிழமை பகலில் 'கூடாது' என்ற சொல் அளவுக்கு மீறி வந்துவிடும் அபாயம் இருக்கிறது. தடை செய்யப்பட்ட வேலை வகைகள் 39. வரையக்கூடாது, வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, களிமண் பிசையக்கூடாது, விளக்குப் போடக்கூடாது. இதையே பட்டியலாகக் கேட்டு வளரும் குழந்தைக்குச் சபாத் ஒரு பூட்டிய கதவு மாதிரி ஆகிவிடும். அதனால் எங்களிடம் ஒரு சபாத் பெட்டி இருக்கிறது. சாயப் பென்சில், கத்தரிக்கோல், பேட்டரி பொம்மை எல்லாம் வெள்ளி மதியமே மேல் அலமாரிக்குப் போய்விடும். அந்த இடத்தில் பெட்டி இறங்கும். வார நாளில் அதைத் திறக்கவே மாட்டோம். மரக் கட்டைகள், மிருக பொம்மைகள், அட்டை விளையாட்டு, விரல் பொம்மைகள், படப் புத்தகங்கள் அதில் இருக்கும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் லெகோ மாதிரியான கட்டைகளைப் பல ராபிகள் அனுமதிக்கிறார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், கேட்டுவிட்டு வையுங்கள். சுவிட்சுகளுக்கு மூடி போட்டுவிட்டால், நாள் முழுக்க 'தொடாதே' சொல்லும் வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. சபாத் வீட்டில் சூட்டுத் தட்டும் வெந்நீர்ப் பாத்திரமும் 25 மணி நேரமும் சூடாகவே இருக்கும். மேடையின் உள்பக்கச் சுவர் ஓரமாகத் தள்ளி, வயர் தொங்காமல் கட்டி, குழாய்ப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். சமையலறை வாசலுக்குக் குறுக்குக் கம்பிக் கதவு போட்டால் இன்னும் நிம்மதி. குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து வரலாம் என்று சந்தேகம் வந்தாலே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அங்கே சபாத் விலகி நிற்கும். இதில் இரண்டு கருத்து கிடையாது, தயங்குவதுதான் தவறு.

சபாத்தில் பொருட்களை வெளியே கொண்டுபோக வழிசெய்யும் ஏருவ் எல்லை உங்கள் பகுதியில் இல்லையென்றால் தள்ளுவண்டியை வெளியே கொண்டுபோக முடியாது. சின்னக் குழந்தை இருக்கும் அந்த இரண்டு மூன்று வருஷம் நானும் கணவரும் மாறி மாறித்தான் ஜெப ஆலயம் போனோம். சில வாரம் நான் போகவே இல்லை. அதற்காக மனம் வருந்தவேண்டாம். ஆனால் கூட்டிப்போக முடிகிறபோது கூட்டிப்போங்கள். ராபி யெகோசுவா பென் ஹனனியா குழந்தையாக இருந்தபோது அவருடைய அம்மா, வேதமான தோராவின் ஓசை காதில் ஒட்டட்டும் என்று தொட்டிலையே ஜெப ஆலயத்துக்குக் கொண்டுபோவாராம். எருசலேம் தால்முதில் இருக்கிறது. அழுதால் வெளியே தூக்கி வந்துவிடலாம். பத்து நிமிடம் போதும்.

சனிக்கிழமை ராத்திரி மூன்று நட்சத்திரம் தெரியும்போது, சபாத்தை வழியனுப்பும் ஹவ்தாலா சடங்கு. குழந்தைகளுக்காகவே செய்துவைத்த மாதிரி இருக்கும். கிராம்பு, பட்டை மணக்கும் டப்பாவை ஒருவர் பிடிக்க, திரிகள் பல சேர்த்துப் பின்னிய மெழுகுவர்த்தியைப் பெரியவர் பிடிக்க, விரல் நகங்களை அந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கடைசியில் சுடரைத் திராட்சை ரசத்தில் அமிழ்த்தும்போது வரும் 'உஸ்' சத்தத்துக்காக என் மகன் வாரம் முழுவதும் காத்திருப்பான். அந்த மெழுகுவர்த்தி நிறையச் சொட்டும். கீழே தட்டு வையுங்கள், குழந்தைகளின் தலைமுடி விலகியிருக்கட்டும்.

வார நாட்களுக்கு அதிகம் சேர்க்காதீர்கள். காலையில் கண் விழித்ததும் 'மோதே அனி', பெண்ணானால் 'மோதா அனி'. 12 எபிரேயச் சொற்கள்தான். உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி என்பது பொருள். கடவுளின் பெயர் அதில் வராததால், கை கழுவுவதற்கு முன்பே படுக்கையில் உட்கார்ந்தபடி சொல்லலாம். பிறகு இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கைகளில் மாற்றி மாற்றி மும்மூன்று முறை நீர் ஊற்றுவது. சின்னவளுக்கு ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஏறி நிற்க ஒரு முக்காலியும் வாங்கிக் கொடுத்ததோடு அந்தப் பாடம் முடிந்தது.

சாப்பாட்டுக்கு முந்தைய பிராகாக்கள் ஆறு. குழந்தை முதலில் கற்கவேண்டியது அதில் ஒன்றும் இல்லை, 'ஆமென்'தான். நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள், குழந்தை 'ஆமென்' என்று முடிக்கட்டும். கொஞ்ச நாளில் முன்பாதியும் தானாக வரும். சொல்லிக்கொடுக்கும்போது கடவுளின் பெயரை மாற்றாமல் முழுதாகச் சொல்ல அனுமதி உண்டு. மரத்துப் பழமா, மண்ணில் விளைந்ததா என்று பார்த்துத்தான் பிராகா மாறும் என்பதால் ஆப்பிளையும் கேரட்டையும் கையில் கொடுத்து, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பேன். இது எங்கள் வீட்டு விளையாட்டு. மகன் வாழைப்பழத்தில் தோற்றுவிட்டு ஒரு நாள் முழுக்க வாதாடினான். அதற்கு மண்ணின் பிராகாதான். அந்தச் செடி அடுத்த வருஷம் நிலைத்து நின்று காய்ப்பதில்லை.

கோஷர் என்னும் உணவு விதிகளில், இறைச்சியையும் பாலையும் பிரித்துவைக்கக் குழந்தைக்கு நிறம் போதும். இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம், இரண்டும் இல்லாத பார்வேக்குப் பச்சை. 3 வயதில் பிடித்துக்கொள்வார்கள். இறைச்சி சாப்பிட்டபின் பாலுக்குக் காத்திருக்கும் நேரம் குடும்ப மரபைப் பொறுத்து 6 மணி நேரம், 3 மணி நேரம், 1 மணி நேரம் என்று மாறும். சின்னக் குழந்தைக்கு அந்த முழு நேரமும் பொருந்தாது, எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நண்பன் வீட்டுப் பிறந்தநாளுக்கு என்ன கேக் என்று முன்பே விசாரித்து, அதே நிறத்தில் ஒன்று செய்து கையில் கொடுத்தனுப்புவேன். அங்கே கிடைப்பதைப் பற்றி ஒருபோதும் 'சீ' என்று சொல்லாதீர்கள். 'அது அவர்கள் சாப்பாடு, இது நம் சாப்பாடு' போதும்.

பண்டிகைகளில், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பெசாக் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதன் செடெர் விருந்து ராத்திரியே குழந்தை கேள்வி கேட்பதற்காக அமைந்தது. வீட்டில் சின்னவர் 'மா நிஷ்தனா' என்று பாடி, இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கேட்கவேண்டும். ராபி அகிவா குழந்தைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்பதற்காகப் பொரித்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டுக் கொடுப்பாராம். நாங்களும் கொடுக்கிறோம், ஆனால் சின்னவளுக்கு முழுக் கொட்டை தருவதில்லை, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம். எகிப்தின் மேல் வந்த வாதைகளைச் சொல்லும்போது பிளாஸ்டிக் தவளைகள் மேசைமேல் வரும். புளித்ததை வீட்டிலிருந்து அகற்றுவதற்காக முந்தின ராத்திரி ரொட்டித் துண்டு பத்தை ஒளித்துவைத்து, மெழுகுவர்த்தியும் இறகும் மரக்கரண்டியுமாகத் தேடுவோமே, அந்தத் துண்டுகளை எங்கெங்கே வைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

செடெர் மேசையில் வைக்கும் மூன்று மாட்சாக்களில், அதாவது புளிப்பில்லா அப்பங்களில், நடுவில் இருப்பதை உடைத்து, பெரிய பாதியை அஃபிகோமனாக ஒளித்துவைப்போம். கண்டுபிடித்தவருக்குப் பரிசு. மூத்தவளுக்கு 5 வயதானபோது கண்டுபிடித்தாள், ஒரு ஸ்கிப்பிங் கயிறு கேட்டாள், சரி என்றேன். பண்டிகை முடிந்த களைப்பில் மறந்தே போனேன். இரண்டு வாரம் அவளும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் தம்பியிடம், "அம்மா சும்மா சொல்வாள்" என்றாள். அன்றைக்கே வாங்கி வந்து, மன்னிப்பும் கேட்டேன். சுக்கா என்னும் தால்முத் பகுதியில் ராபி ஜெய்ரா இதைத்தான் சொல்கிறார்: குழந்தையிடம் ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருக்கக்கூடாது, அதனால் குழந்தை பொய் கற்றுக்கொள்ளும். இப்போதெல்லாம் பெசாக்குக்கு முன்பே மூன்று பரிசு வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

மற்றவை தாமாகவே குழந்தைகளை இழுத்துக்கொள்ளும். கூடாரப் பண்டிகையான சுக்கோத்தில் காகிதச் சங்கிலி செய்யவிடுங்கள், கோணலாக இருந்தாலும் அதையே தொங்கவிடுங்கள். பூரிமில் வேஷம் போட்டுக்கொண்டு தின்பண்டத் தட்டை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவது குழந்தையாக இருக்கட்டும். விளக்குப் பண்டிகையான ஹனுக்காவில் எட்டு ராத்திரிக்கு, மற்றவற்றை ஏற்றும் ஷமாஷ் மெழுகுவர்த்தியோடு சேர்த்து 44 மெழுகுவர்த்தி வேண்டும். நிறம் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை. உபவாச நாளான யோம் கிப்பூரில் 9 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பட்டினி இருக்கவிடக்கூடாது, அதுவே ஆசைப்பட்டாலும் சரி. கட்டளைகளின் பொறுப்பு பெண்ணுக்கு 12 வயதிலும் பையனுக்கு 13 வயதிலும்தான் வருகிறது. அதுவரை பழக்குவது மட்டுமே நம் கடமை, அதற்குப் பெயர் ஹினுக். ஹனுக்கா என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒரே வேர்.

ஜெப ஆலய வாசலில் ஏன் காவலர் நிற்கிறார் என்று என் மகன் 4 வயதில் கேட்டான். "நம்மைப் பார்த்துக்கொள்கிறார், வணக்கம் சொல்" என்றேன். வாரா வாரம் சொல்கிறான். மூத்தவள் கேட்டபோது, யூதர்களைப் பிடிக்காத சிலர் இருக்கிறார்கள், அதனால் கவனமாக இருக்கிறோம் என்று கூடுதலாக ஒரு வரி சொன்னேன். கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் சொல்லுங்கள். நாஜிப் படுகொலைக் காலத்தின் படங்களைச் சின்ன வயதில் காட்டாதீர்கள், அதற்கு வயது வரும்.

ராத்திரி படுக்கையில் ஷெமா ஜெபம். முதல் வரி ஆறே சொற்கள். வலது கையால் கண்ணை மூடிச் சொல்வது. எபிரேயத்தில் சொல்லிவிட்டு நான் பொருளைத் தமிழில் சொல்வேன். பிறகு யாக்கோபு தன் பேரன்களுக்குச் சொன்ன 'ஹமலாக் ஹகோயேல்' பாட்டு. கோபமாக இருந்த நாளிலும், விருந்தாளி வந்த நாளிலும், காய்ச்சல் நாளிலும் இதை விடாதீர்கள். நேரமில்லையென்றால் அந்த ஒரு வரி மட்டும் போதும். சின்னவளுக்கு இன்னும் சொல்ல வரவில்லை. முதல் சொல்லைக் கேட்டதும் தன் கண்ணை விட்டுவிட்டு என் கண்ணை மூடுகிறாள். அப்படியே விட்டிருக்கிறேன்.